‘ஆமா அங்கிள்’ இன்வெர்ட்டர்

போன சனிக்கிழமை கிள்ளானில், எங்கள் வீட்டில் மகள் தர்ஷினிக்குப் பரிசம். மாப்பிள்ளை வீட்டார் பூச்சோங்கிலிருந்து வந்து தட்டு மாற்றி, கல்யாணத்தை உறுதி செய்யும் நாள். அதே பகலில் எங்கள் தாமான் குடியிருப்பில் சில மணி நேரம் கரண்ட் இருக்காது என்று வாட்ஸ்அப் குரூப்பில் முன்கூட்டியே செய்தி வந்துவிட்டது. பராமரிப்பு வேலையாம்.

விவரமுள்ள மனிதன் என்ன செய்திருப்பான்? ஒரு மண்டபத்தைப் பார்த்திருப்பான். நான் சிரித்தேன்.

ஏன் சிரிக்க மாட்டேன்? கூரை மேல் சோலார் போட்டிருக்கிறேனே! தீபாவளி ஓப்பன் ஹவுஸ் விருந்துக்கு வந்தவர்களை எல்லாம் கையில் முறுக்கோடு வெளியே கூட்டிப்போய், கழுத்து வலிக்க வலிக்கக் கூரையைப் பார்க்க வைத்த ஆள் நான்.

என் மனைவி கலா மட்டும் கேட்டாள். “ஏங்க, நெஜமா ஓடுமா? எதுக்கும் ஒரு ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துரலாமே?”

“சூரியனையே ஆஃப் பண்ண முடியுமா?” என்றேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அப்படிச் சொன்னபோது மாப்பிள்ளைப் பையன் பிரவினும் பக்கத்தில்தான் இருந்தான். தங்கமான பையன், மின்சாரத் துறையில் இன்ஜினியர். “என்ன தம்பி, தாமானே இருட்டானாலும் நம்ம வீட்ல ஏசி ஓடும்தானே?” என்று அவனையே சாட்சிக்குக் கூப்பிட்டேன். “ஆமா... அங்கிள்” என்றான்.

அந்த மூன்று புள்ளிகளை நான் கவனித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்குப் பரம சந்தோஷம். வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கரண்ட் போனது. “யாரும் பயப்படாதீங்க, இப்ப சோலார் எடுத்துக்கும்” என்று கையை உயர்த்தினேன். தலைக்கு மேல் ஃபேன் சுற்றி... சுற்றி... நின்றது. கை மட்டும் மேலேயே இருந்தது.

வெளியே ஓடிப் பார்த்தால், சோலார் கரண்டை வீட்டுக்கு மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு. சோலார் போட்டுக் கொடுத்தவருக்கு போன் அடித்தேன். “பாஸ், லைன்ல கரண்ட் இல்லன்னா அதுவும் ஆஃப் ஆயிடும் லா. லைன்ல வேலை பாக்குறவங்களுக்கு சேஃப்டி! பேட்டரி போடலாமான்னு கேட்டேன், நீங்கதான் வேணாம்னீங்க” என்றார். கூரை முழுக்க வெயில், வீடு முழுக்கப் புழுக்கம்!

உள்ளே பட்டுப் புடவைகள் எல்லாம் நனைந்துகொண்டிருந்தன. மாப்பிள்ளையின் அத்தை தட்டுத் துணியால் விசிறிக்கொண்டே ஆரம்பித்தார். “பரிசம் போடுற நேரம் பார்த்து கரண்ட் போகுது... மனசுக்கு என்னமோ மாதிரி இருக்கு. இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாமா?” நாலைந்து தலைகள் ஆடின. தர்ஷினி கண்ணைத் துடைத்தாள். என் ஒருவனின் பெருமைக்காக, பிள்ளையின் நல்ல காரியம் நின்றுவிடுமோ?

பிரவின் எழுந்து போனான். காரின் பின்பக்கத்தைத் திறந்து, கைப்பிடி வைத்த ஒரு பேட்டரிப் பெட்டியைத் தூக்கி வந்தான். இரண்டு ஃபேனைச் சொருகினான். காற்று வந்தது. அத்தை துணியைக் கீழே வைத்தார்.

“இது ஓடுது, என்னோடது ஏன் தம்பி ஓடல?” என்றேன், பரிதாபமாக.

“அங்கிள், உங்க இன்வெர்ட்டர் பஜனையில பின்பாட்டு பாடுற ஆள் மாதிரி. முன்னால ஒருத்தர் பாடுனாதான் அதுக்கு சுருதி கிடைக்கும். மெயின் லைன்தான் அந்த ஒருத்தர். இந்தப் பெட்டி தானே சுருதி புடிச்சுப் பாடும்.”

“அவ்வளவுதானா?”

“நாட்டுக்கே இதான் அங்கிள் கவலை. காப்பார் பக்கம் இருக்கே, அந்த மாதிரி பவர் ஸ்டேஷன்ல பெரிய பெரிய மெஷின் சுத்துறதாலதான் லைன்ல சுருதி ஆடாம நிக்குது. அதெல்லாம் கொறைஞ்சு, சோலாரும் பின்பாட்டு இன்வெர்ட்டருமா கூடிட்டே போனா? எங்கயாச்சும் ஒரு கோளாறு வந்தா, எல்லாம் சேர்ந்து வாயை மூடிக்கும். அதான் தானே பாடுற பேட்டரி நெறைய வேணும்னு சொல்றோம். என் வேலையே அதுதான்.”

“அப்போ இது நிக்கும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?”

தலையைக் குனிந்தான். “பொண்ணு எடுக்குற வீட்ல எப்படி அங்கிள் முடியாதுன்னு சொல்றது? நீங்க வேற அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க...”

கூரையைப் பார்த்த இத்தனை பேரில் ஒருவராவது வாய் திறந்தார்களா? கலாவைத் தவிர, என்னைச் சுற்றி இருப்பது எல்லாமே பின்பாட்டு இன்வெர்ட்டர்கள்தான் போல.

சரி, சம்பந்திக்கு ஒரு டீயாவது போட்டுக் கொடுத்து மானத்தைக் காப்பாற்றிக்கொள்வோம் என்று, பெட்டியிலிருந்து ஒரு வயரைச் சமையலறைக்கு இழுத்து மின்கெட்டிலைச் சொருகினேன். டப்! இரண்டு ஃபேனும் போச்சு.

“எந்த அறிவு கெட்ட ஆளுய்யா கெட்டில் போட்டது? இது ரெண்டு ஃபேனுக்கு மேல தாங்காது!” என்று கத்திக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டியபடி பிரவின் வயரைப் பிடித்து வந்தான். வயரின் முடிவில் கெட்டிலும், கெட்டிலின் முடிவில் நானும் நின்றோம்.

பையனின் முகத்தில் ரத்தம் இல்லை. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

முதலில் சிரித்தது கலாதான். “அப்பாடா! இந்த மனுஷன்கிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்குத் துணைக்கு ஒரு ஆள் வந்தாச்சு!”

அத்தைக்கும் சிரிப்பு தாங்கவில்லை. “சரி சரி, தட்டை எடுங்க. இதுக்கு மேல என்ன நல்ல சகுனம் வேணும்?”

தட்டு மாறியது. தர்ஷினியின் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததும் நான்தான் அழுதேன். சொல்வதில் என்ன வெட்கம்?

நாட்டின் மின்சாரமோ, வீட்டின் நிம்மதியோ... ஆமாம் போடுகிறவர்களை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. தன் சுருதியில் நிற்கிற ஒன்றிரண்டாவது நடுவில் வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் பிரவின் வாயில் அங்கிள் போய் மாமா வந்திருந்தது. “எப்படி மாப்பிள்ளை, எல்லாம் நல்லா இருக்கா?” என்று கேட்டேன்.

“ரசத்துல உப்பு கம்மி மாமா” என்றான், புதுத் தைரியத்தில், சத்தமாக.

ரசம் வைத்தது கலா. எங்கே பேசாமல் ஆஃப் ஆகிவிட வேண்டும் என்பதை என் இன்வெர்ட்டரிடம்தான் அவன் கற்றுக்கொள்ள வேண்டும்.