ஊரெல்லாம் என் பட்டறை

சொந்த எந்திரம் ஒன்றுகூட இல்லாமல் எந்திர உதிரிபாகங்கள் செய்து கொடுப்பது என் தொழில். நெல் அறுவடை எந்திரங்களுக்குத் தேவையான பல்சக்கரம், அச்சுத்தண்டு முதலியவற்றை, கேட்பவர் கேட்கும்போது, கேட்கும் எண்ணிக்கையில், எந்தப் பட்டறையில் எந்திரம் சும்மா நிற்கிறதோ அங்கே கொடுத்துச் செய்து வாங்குகிறேன். கல்லூரியில் இலக்கணம் நடத்துவதை விட்டு இதற்கு வந்தபோது, கட்டடமும் புகைபோக்கியும் இல்லாத இடத்தில் தொழிலும் இராது என்று நம்புகிறவர்கள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் அறிந்திருக்கவில்லை. இதே வழியில் இறங்கி, இதே கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் களைத்திருக்கும் தோழர்களுக்காகச் சிலவற்றை எழுதி வைக்கிறேன்.

ஆலையைக் காட்டுங்கள்

அம்பாசமுத்திரத்தில் அறுவடை எந்திரங்களை வாடகைக்கு விடும் பேச்சிமுத்து அண்ணாச்சி, ஆண்டு முழுவதற்குமான உதிரிபாகங்களை ஒரே இடத்தில் வாங்க எண்ணியிருந்தார். அந்த ஒப்பந்தம் கிடைத்தால் தொழிலைத் தொடர்வது, கிடைக்காவிட்டால் மீண்டும் வகுப்பறைக்குத் திரும்புவது என்று எங்கள் வீட்டில் முடிவாகியிருந்தது. அண்ணாச்சி கேட்டது ஒன்றே ஒன்று: ஆலையைப் பார்க்க வேண்டும்.

நான் எதையும் மறைக்கவில்லை. வண்ணார்பேட்டையில் இசக்கிராஜின் லேத் பட்டறையைக் காட்டி, "இது கடைசல் பிரிவு" என்றேன். பாளையங்கோட்டையில் எஃகைச் சூடேற்றிக் கடினமாக்கும் உலையைக் காட்டினேன். அடுத்தது விக்கிரமசிங்கபுரத்தில், மில் தொழிலாளர் குடியிருப்பை ஒட்டி ஸ்டெல்லா நடத்தும் பல் வெட்டும் பட்டறை. அண்ணாச்சியின் கார் பழுதுபார்க்கப் போயிருந்ததால் பயணம் முழுவதும் பேருந்தில்தான். இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்து நின்றவர், என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "ஒரு பிரிவுல இருந்து இன்னொரு பிரிவுக்குப் போவ டிக்கெட் எடுக்கச் சொல்லுத பேக்டரிய இப்பத்தான் டீச்சர் பாக்கேன்."

மாதிரியில் மயிரிழை பிசகாமல்

ஒப்பந்தத்தைப் பற்றி வாய் திறக்காமல், சோதனைக்கு ஒரு பல்சக்கரம் செய்து தரச் சொன்னார் அண்ணாச்சி. பழைய சக்கரம் ஒன்றை மாதிரியாகக் கொடுத்தனுப்பினார். அதை ஸ்டெல்லாவிடம் ஒப்படைத்து, மாதிரியில் மயிரிழையும் பிசகக் கூடாது என்று வற்புறுத்தினேன். வந்த சக்கரத்தின் ஒவ்வொரு பல்லையும் அளந்தேன். மாதிரியோடு முற்றிலும் பொருந்தியது. அறுவடை எந்திரத்தில் பூட்டி ஓட்டியதும் சங்கிலி நழுவி விழுந்தது. பல் தேய்ந்துபோனதனால்தானே பழைய சக்கரத்தைக் கழற்றியிருந்தார்கள். அந்தத் தேய்மானத்தையும் சேர்த்தே நாங்கள் புதிதாக வெட்டியிருந்தோம்.

மாதிரியைக் கையில் வாங்கிய நான் கவனித்திருக்க வேண்டும். ஆயினும் ஸ்டெல்லாவிடம் சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன். அவர் சக்கரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு சொன்னார்: "புதுச் சக்கரத்துல பழைய தேய்மானத்தக் கொண்டு வாரதுக்கு நான் பட்ட பாடு எனக்குல்லா தெரியும் டீச்சர்."

சந்தனமும் அளவுமானியும்

முறையாக வரைபடம் போட்டுச் செய்த அடுத்த சக்கரம் நழுவாமல் ஓடியது. ஆனாலும் அண்ணாச்சி, பிசானப் பருவத்து நெல் அறுவடை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றுவிட்டார். இடையில் ஆயுத பூசை வந்தது. இசக்கிராஜின் பட்டறையில் லேத்துக்கு மாலையும் சந்தனமும் சாத்தி, வாழைக்கன்று கட்டி, பொரிகடலை படைத்திருந்தார்கள். என் தொழிலுக்கென்று எதையாவது சாமி முன்னால் வைக்க வேண்டாமா என்று அவர் கேட்டார். கைப்பையிலிருந்து அளவுமானியை எடுத்துக் கொடுத்தேன். சந்தனம் தோய்ந்த விரல் அதை நெருங்கியபோது மனம் பொறுக்கவில்லை. கருவியின் மேல் வேண்டாம், துகள் ஒட்டினால் அளவு பிசகும், பொட்டை உறையின் மேல் வைத்தால் போதும் என்றேன். இசக்கிராஜ் விரலை அப்படியே நிறுத்திக்கொண்டு சொன்னார்: "சாமி கும்பிடுதப்பவும் அளவு பாக்குதது நீங்க ஒரு ஆளுதான் டீச்சர்."

மின்தடை நாள்

பிசான நெல் முற்றி நின்ற வாரம். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வயல் நடுவில் அண்ணாச்சியின் எந்திரத்தில் அச்சுத்தண்டு முறிந்தது. மணிமுத்தாறு மலைப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை இறங்கினால் கதிர் சாய்ந்து வயலிலேயே முளைத்துவிடும்; அண்ணாச்சியை நம்பி வேறு எந்திரம் பேசி வைக்காமல் இருந்த விவசாயிகள் மறு போகத்துக்கு அவரை அழைக்கமாட்டார்கள். தொலைபேசியில் அவர் குரலே மாறியிருந்தது.

இசக்கிராஜைக் கூப்பிட்டேன். மாதாந்திரப் பராமரிப்புக்காக வண்ணார்பேட்டை முழுவதும் அன்று மின்தடை. அங்கே எனக்குச் சொந்த ஆலை இருந்திருந்தால், ஓடாத எந்திரங்களுக்கு நடுவே நாற்காலி போட்டு மாலை வரை விசிறிக்கொண்டிருப்பேன். விக்கிரமசிங்கபுரத்தில் மின்சாரம் இருந்தது. ஸ்டெல்லாவிடம் சிறிய லேத்தும் இருந்தது. முன்பே போட்டு வைத்திருந்த தண்டின் வரைபடத்தை அவருடைய கைபேசிக்கு அனுப்பினேன். கையிலிருந்த வேலையை இறக்கி வைத்துவிட்டு அவர் தண்டைக் கடைந்து, சாக்கில் சுற்றி, திருநெல்வேலிப் பேருந்தின் நடத்துநரிடம் கொடுத்துவிட்டார். கல்லிடைக்குறிச்சி நிறுத்தத்தில் அண்ணாச்சியே நின்று வாங்கிக்கொண்டார். சூடேற்றிக் கடினமாக்க நேரமில்லை, இந்த அறுவடைக்கு மட்டுமே தாங்கும், பிறகு மாற்றித் தருகிறேன் என்று அவரிடம் முன்னதாகவே சொல்லிவிட்டேன். கடைசி வயலின் நெல்லை ஏற்றித் தார்ப்பாய் போர்த்திய பிறகுதான் தூறல் விழுந்தது.

மறுநாள் அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்து, ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். காப்பியைக் குடித்து முடித்து வாசல் வரை போனவர், ஒரு நிபந்தனையை விட்டுவிட்டதாகச் சொல்லித் திரும்பி வந்தார்: "எல்லாஞ் சரி டீச்சர், கையில நாலு காசு சேந்துட்டுன்னு நீங்க ஒரு பேக்டரி மட்டும் கெட்டிராதிய."

ஆலை எங்கே இருக்கிறது என்று இப்போது யாரேனும் கேட்டால், இன்றைக்கு எந்த ஊரில் மின்தடை என்று அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே நான் பதில் சொல்கிறேன்.