குண்டூசியும் நெகேசாவின் பெட்டியும்

நைரோபியில் மடாட்டு என்னும் தனியார் மினிபஸ்களின் நடத்துநர்கள் நெகேசாவைத் திட்டாத நாள் கிடையாது. அவள் செய்த பாவம் ஒன்றே ஒன்றுதான். வண்டி எங்கே போகிறது என்று முதலாளிக்குச் சொல்லும் பெட்டிகளை, லுத்துலி அவென்யூவில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து வடிவமைத்தாள்.

பெட்டியிலிருந்து கூரைமேல் இருக்கும் ஆன்டெனாவுக்கு ஒரே ஒயர். செயற்கைக்கோள் சமிக்ஞை அதில்தான் கீழே வரும். ஆன்டெனாவுக்குள் இருக்கும் சின்ன சமிக்ஞைப் பெருக்கிக்கு வேண்டிய மின்சாரமும் அதே ஒயரில்தான் மேலே போகும். முதலாளிக்குத் தெரியாமல் தனி சவாரி அடிக்க நினைக்கும் நடத்துநர்கள் அதில் ஒரு குண்டூசியைக் குத்துவார்கள். ஷார்ட் ஆகும். பழைய பெட்டி கருகிச் செத்துவிடும். "மழைத்தண்ணி எறங்கிருச்சு பாஸ்" என்பார்கள், வறண்ட ஜனவரியிலும்!

நெகேசா ஆறு மாதம் தூக்கத்தைத் தொலைத்துப் புதிய மின்சுற்று ஒன்றைப் போட்டாள். ஊசி குத்தினால் கண் இமைப்பதற்குள் மின்சாரத்தை நிறுத்தும். வண்டி நின்ற இடத்தோடு முதலாளிக்குச் செய்தி போகும். ஊசியை எடுத்தால் பெட்டி பழையபடி உயிர்த்தெழும்.

நாற்பது வண்டிகளின் முதலாளி முட்விரி, முதலில் ஒரு வண்டியில் மாட்டிப் பார்க்கச் சம்மதித்தார். விதியைப் பாருங்கள், அந்த வண்டியின் நடத்துநர் அவளுடைய சொந்தத் தம்பி சிமியு!

மூன்று வாரம் ஓடியது. ஒரு செய்தியும் வரவில்லை.

"இதுவரைக்கும் ஒருத்தனும் மாட்டலியேம்மா. பெட்டி முழிச்சிருக்கா, தூங்குதான்னு நான் எப்படி நம்புறது?" என்றார் முட்விரி. "வெள்ளிக்கெழமைக்குள்ள ஒரு திருட்டுப்பயலாவது சிக்கணும். இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அந்த ஆர்டர் போனால் அவள் பட்டறையை மூட வேண்டியதுதான். அன்றிரவு சாப்பாட்டில் உகாலிக் களியைப் பிசைந்தபடி பொலபொலவென்று அழுதாள்.

"தம்பி யோக்கியமா இருக்கானேன்னு அழற அக்கா உலகத்துலயே நீ ஒருத்திதாண்டி" என்றாள் அம்மா. சிமியு கீரைக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை மாலை முட்விரியின் போன் அலறியது. 'ஆன்டெனா ஷார்ட். இடம்: கயோலே, தேவாலய வாசல்.'

முட்விரி நெகேசாவையும் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்தார். அங்கே பாடகர் குழுப் பெண்கள் பதினேழு பேர் பச்சை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆளாளுக்கு ஜன்னலோர இடம் கேட்டு, இன்னும் ஏறி முடிக்கவில்லை. முன்சீட்டில் நெகேசாவின் அம்மா! ஒயரில் ஊசி பளபளத்தது.

"ஏம்ப்பா, கடவுளைப் பாடப் போறவங்ககிட்ட காசு வாங்கலாமா? எம் பிள்ளை சும்மா ஏத்திக்கிட்டான்" என்றாள் அம்மா.

"உம் பிள்ளைக்கு ரெண்டு வாரம் வேலை கெடையாது!" என்று கர்ஜித்த முட்விரி, நெகேசா பக்கம் திரும்பினார். "நாப்பது வண்டிக்கும் போட்டுரும்மா."

வீட்டுக்கு வந்ததும் நெகேசா வெடித்தாள். "என் பெட்டின்னு தெரிஞ்சே குத்தினியே, வெக்கமா இல்ல?"

"தெரிஞ்சுதான் குத்தினேன். ஊசியெல்லாம் இப்ப எவன்க்கா குத்தறான்? ஆன்டெனா மேல பிஸ்கட் பாக்கெட்டோட வெள்ளிப் பேப்பரைச் சுத்திருவோம். கரன்ட் ஒழுங்காப் போகும், சிக்னல் மட்டும் எறங்காது. உன் பெட்டியும் வண்டி டிராபிக்ல நிக்குதுன்னு நெனச்சுக்கும். மொதலாளியும் நம்புவாரு. மூணு வாரமா அதான் நடந்துச்சு. நீ அழுதியா... மனசு கேக்கல. பேப்பரை விட்டுட்டு மறுபடி ஊசியைக் கையில எடுத்தேன்."

நெகேசாவின் கண்கள் குளமாயின. தம்பியைக் கட்டிக்கொண்டாள். பிறகு அவன் தோளுக்கு மேலாகவே கையை நீட்டிப் பென்சிலை எடுத்தாள்.

"கரன்ட் சரியாப் போயும் மேலேர்ந்து ஒண்ணுமே வரலைன்னா, அதையும் மொதலாளிக்குச் சொல்ல வெச்சிரலாம்..."

"அம்மா! இவளைப் பிடி! இந்தப் பிஸ்கட் சமாச்சாரத்தை இவகிட்ட யாரு சொன்னது?"

"நீதாண்டா" என்றாள் அம்மா.