ஊசியே போட்டதில்லை என்றார் அந்த அம்மா

சில ஆண்டுகளுக்கு முன், கோடையில் வந்த பெருநாள் விடுமுறையின்போது, ஐக்கிய அரபு அமீரகத்தின் புஜைராவில் ஒரு மருத்துவமனையில் நடந்தது இது. ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டவள் நான். போட்ட கையெழுத்தை மதிக்கும் வியாதி எனக்கு இன்னும் குணமாகவில்லை.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றேன். எந்தத் தாள் எந்த மேசைக்குப் போக வேண்டும், யார் ஒப்புதல் இல்லாமல் யாரைத் தொடக் கூடாது என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓய்வுக்குப் பிறகு மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மருமகள் பயிற்சி மருத்துவர். ஷார்ஜாவில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தமிழ் சமையலறைவரைக்கும் வரும். அதைத் தாண்டினால் ஆங்கிலம்தான்.

அவள் எடுத்திருந்தது கொஞ்சம் விசித்திரமான பயிற்சி. பெரியவர்களுக்கான பொது மருத்துவத்தையும் குழந்தை மருத்துவத்தையும் சேர்த்து நான்கு ஆண்டுகளில் படிப்பது. சில மாதம் குழந்தைகள் வார்டு, சில மாதம் பெரியவர்கள் வார்டு. ஒன்றை ஒழுங்காகப் படிக்கவே ஆயுள் போதாதபோது இரண்டு எதற்கு என்று கேட்டிருக்கிறேன். பதில் சொல்ல அவளுக்கு நேரம் இருந்ததில்லை. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபடியே தயிர்சாதம் சாப்பிடுவாள். கழுத்தில் அடையாள அட்டையோடு சோபாவில் தூங்கிப்போவாள். குழந்தைகள் வார்டிலிருந்து மாறி வந்த வாரத்தில், என் மகன் மாத்திரை விழுங்கினால்கூடக் கை தட்டுவாள். ஊசிக்குக் கை நீட்டிய ஓர் அரபுப் பெரியவரின் சட்டையில் பழக்கதோஷத்தில் சிங்கப் படம் ஒட்டிவிட்டாளாம். வீட்டுக்குப் போகும்வரை அவர் அதைக் கழற்றவே இல்லையாம்.

இந்திக்கும் மலையாளத்துக்கும் உருதுவுக்கும் அவள் வேலை பார்த்த மருத்துவமனையில் ஆள் உண்டு. தமிழுக்குத்தான் திண்டாட்டம். முறைப்படி விண்ணப்பித்து, அவர்கள் வைத்த பயிற்சியை முடித்து, தன்னார்வ மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். மருமகள் இருக்கும் வார்டில் மாமியார் மொழிபெயர்ப்பது முறையல்ல என்று நானே சொல்லி விலகி இருப்பேன். அந்தப் பெருநாளன்று வேறு யாரும் ஊரில் இல்லாததால், எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு போனேன்.

நோயாளிக்கு இருபத்து நான்கு வயது இருக்கும். ராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமம். துறைமுகத்தை ஒட்டிய எண்ணெய்த் தொட்டிகளுக்குச் சாரம் கட்டும் வேலை. விடுமுறை என்பதால் தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்புக்குப் பின்னால் கிரிக்கெட் ஆடியிருக்கிறார்கள். பந்தைத் துரத்தி ஓடியவன் பாதியில் சுருண்டு விழுந்துவிட்டான்.

"ஃபீல்டிங் நிக்கச் சொன்னா படுத்துட்டான் மேடம்" என்றான் கூட வந்த ரூம்காரன். சிரிக்கத்தான் பார்த்தான், குரல் ஒத்துழைக்கவில்லை.

அந்த வெயிலில் விழுந்தவனுக்கு முதலில் சலைன் ஏற்றுவதுதான் வழக்கம். ஏற்றினார்கள். வெயிலில் விழுந்தவர்கள் அதில் தெளிந்துவிடுவார்கள். இவனுக்கோ மூச்சு இன்னும் வாங்கியது. படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொண்டான். இருமும்போது நுரையில் லேசாக ரத்தம் தெரிந்தது. மருமகள் சலைனை நிறுத்தினாள். மூத்த மருத்துவர் நுரையீரலில் தொற்று என்று நினைத்தார். இவளுக்கு இதயத்தின் மேல் சந்தேகம். மார்பில் இருந்த இரைச்சலில் இதயத்தின் ஒலி சரியாகப் பிடிபடவில்லை. இதயப் பிரிவில் அன்று யாரும் இல்லை. வீட்டிலிருந்து வரவழைக்கத் திடமான காரணம் சொல்ல வேண்டும். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்கு உதவாது. தவறான பக்கம் போய்த் திரும்பி வர அவனிடம் மூச்சு இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

"முன்னாடி ஏதாவது நோய் இருந்ததா?" என்று நான் கேட்டேன்.

"ஒன்னும் இல்லம்மா. வெயிலுதான். நாளைக்கு சரியாப் போயிரும்" என்றான், வார்த்தைக்கு வார்த்தை நின்று.

பெரியவர்கள் வார்டில் நோயாளி சொன்னால் அதுவே வாக்குமூலம். மருமகளுக்கு அது போதவில்லை. அதற்கு முந்தைய வாரம்வரை குழந்தைகளைப் பார்த்தவள். அங்கே யாரும் நோயாளியிடம் கதை கேட்பதில்லை, அம்மாவிடம்தான் கேட்பார்கள். "உங்க அம்மாகிட்ட பேசலாமா?" என்றாள் அவனிடம்.

இவன் வயது வந்தவன், இவன் சம்மதம் வேண்டும் என்று நான் உடனே விதியை எடுத்து வைத்தேன். அவன் தலையாட்டினான். கொஞ்சம் அவசரமாகவே ஆட்டினான். தன் அம்மா என்ன சொல்வார் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. ரூம்காரன் போனைப் போட்டு என் கையில் கொடுத்தான்.

"எம் மகனுக்கு ஒரு சீக்கும் கெடையாது தாயி. பொறந்ததுலருந்து ஊசின்னு ஒன்னு போட்டதில்ல" என்றார் அந்த அம்மா, நான் முழுதாகக் கேட்டு முடிப்பதற்குள்.

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்து ஒரு தடுப்பூசிகூடப் போடாமல் தப்பியவனை நான் பார்த்ததில்லை. ஆனால் மொழிபெயர்ப்பவர் சந்தேகப்படக் கூடாது, சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும். சொன்னேன்.

மருமகள் நோயைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டாள். சின்ன வயதில் என்ன விளையாடுவான் என்று கேட்கச் சொன்னாள். எனக்கு எரிச்சல். மூச்சுக்குத் தவிக்கிறவன் பக்கத்தில் விளையாட்டுக் கதையா? இருந்தாலும் கேட்டேன்.

அந்தக் குரல் இளகிவிட்டது. "கபடின்னா உசுரு. ஆறாவதுல டீமுக்கு எடுத்தாக. அப்பறம் வாத்தியாரு உக்கார வச்சுட்டாரு."

ஏன் என்று கேட்டேன். "முட்டி வீங்கிரும். இன்னிக்கு இந்தக் காலு, நாளைக்கு அந்தக் காலு. காச்சலும் அடிக்கும்" என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

மருமகளின் முகம் மாறியது. தொண்டையில் வரும் சாதாரணத் தொற்று சில குழந்தைகளுக்கு மூட்டுகளில் வீக்கமாகி, பிறகு இதய வால்வில் போய் உட்கார்ந்துவிடுமாம். பல ஆண்டுகள் கழித்து வால்வு சுருங்கி, ஒருநாள் ஓடும்போது ஆளைக் கீழே தள்ளுமாம். ஆறாம் வகுப்புப் பையனையும் இந்தப் படுக்கையில் இருந்தவனையும் அவள் ஒரே ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு வாரத்துக்கு ஒருமுறை இடுப்புல ஊசி போட்டாங்களா?" என்று கேட்கச் சொன்னாள்.

கேட்டேன். அந்த அம்மா மெதுவாக, "சொன்னா அவனைத் திருப்பி அனுப்பிருவாகளா தாயி?" என்றார்.

வேலைக்குப் போகுமுன் நடந்த மருத்துவச் சோதனையில் இதை மறைத்திருக்கிறார்கள். இன்னும் கட்டி முடிக்காத வீடு, கல்யாணத்துக்கு நிற்கும் தங்கை என்று ரூம்காரன் எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தான். அப்படியெல்லாம் அனுப்ப மாட்டார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மடமடவென்று எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். அது பொய் என்று எனக்குத் தெரியும். கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில் மருமகளிடம் சொன்னேன்.

அவள் போனை வாங்கிக்கொண்டாள். "அம்மா, மே பி அனுப்புவாங்க. நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா இப்ப அவருக்கு மூச்சு விட முடியல. எனக்கு இப்பவே தெரியணும்மா."

அவன் ஆக்சிஜன் முகக்கவசத்துக்குள்ளிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கையை உயர்த்தி வேண்டாம் என்பதுபோல அசைத்தான்.

"ஆமா" என்றார் அந்த அம்மா. "பன்னெண்டாவது வரைக்கும் போட்டோம். வால்வு சுருங்கியிருக்குன்னு பெரியாஸ்பத்திரியில சொன்னாக. வேலைக்குப் போனதும் விட்டுட்டான்."

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. இதய மருத்துவர் வந்தார். நுரையீரலில் சேர்ந்த நீரை இறக்க மருந்து கொடுத்தார்கள். வேறு நகரத்தில் இருந்த பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, வால்வைப் பலூன் வைத்து விரித்தார்கள். பிழைத்துவிட்டான். சாரத்தில் ஏறத் தகுதியில்லை என்று கம்பெனி அவனுக்கு டிக்கெட் போட்டது. அந்த அம்மா பயந்தது அப்படியே நடந்தது.

ஊருக்குப் போகுமுன் கடைசிப் பரிசோதனைக்கு வந்தபோது மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். மருமகள் அதற்குள் மறுபடி குழந்தைகள் வார்டுக்குப் போயிருந்தாள். பரிசோதனை முடிந்து வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"நீங்க மாத்திச் சொல்லியிருக்கலாமேம்மா" என்றான். குரலில் கோபம் இல்லை.

"சொல்லியிருந்தா இங்க உக்காந்து என்னைக் கேட்டிருக்க மாட்டே."

"அது சரிதான். எனக்குத் தெரியுது. எங்கம்மாவுக்குத்தான் தெரியல. எம் வாயாலேயே எம் புள்ள பொழப்பைக் கெடுத்துட்டேன்னு அழுவுது. போன் போட்டா பேச மாட்டேங்குது, தங்கச்சிகிட்ட குடுத்துருது. நீங்க சொல்லுங்கம்மா."

நோயாளியின் குடும்பத்தோடு தன்னார்வலர் சொந்த முறையில் பேசக் கூடாது. அந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதுவரை எனக்குத் தெரியும். அவன் தங்கை எண்ணைப் போட்டு, அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி, போனை என்னிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.

யார் பேசுகிறேன் என்று சொன்னேன். "அன்னிக்கு நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா?" என்றார்.

"உங்க மகன் இருந்திருக்க மாட்டாம்மா" என்றேன். அலங்கரிக்க வேறு வார்த்தை எனக்கு வரவில்லை.

அவர் அழுதார். வெகுநேரம் அழுதார். நான் துண்டிக்கவில்லை. கடைசியில், "எப்ப வர்றான்னு கேளுங்க தாயி" என்றார்.

அருகில் உட்கார்ந்திருந்தவனிடம், "எப்ப வர்றேன்னு உங்கம்மா கேக்கறாங்க" என்றேன், தமிழிலிருந்து தமிழுக்கு. "வெள்ளிக்கெழமன்னு சொல்லுங்க" என்றவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒருவரிடம் உண்மையைக் கேட்டு வாங்கியவர்கள், அதைச் சொன்னவர் பிறகு எப்படி இருக்கிறார் என்று ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன், அப்படி ஒரு விதியை நான் வேலை பார்த்த எந்த அலுவலகத்திலும் யாரும் எழுதி வைத்ததில்லை என்றாலும்.