ரெண்டுமனசின் இரும்புக் கேட்

அந்த மனிதருக்கு அக்கம்பக்கத்தார் வைத்த பேர் ரெண்டுமனசு. எந்தக் காலில் முதலில் செருப்பு மாட்டுவது என்று வாசலில் நின்று யோசித்தே ஒரு ஜோடியைத் தேய்த்தவர். சட்டை வாங்கப் போனால் கடைக்காரர் இவரை உள்ளே வைத்தே ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு, மறுநாள் திறக்கும்போது, "முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்பாராம். இப்படிப்பட்டவர் சொந்தமாக ஒரு குட்டி லோடர் வாங்கினார். மண் அள்ள ஒரு பக்கெட், பாரம் தூக்க இரண்டு நீளப் பல் வைத்த ஃபோர்க், இவைதான் அதன் முன்னால் மாட்ட வந்த உருப்படிகள். இவருக்கு அந்த இரண்டே அதிகம். எதை மாட்டலாம் என்பதிலேயே பாதி நாள் ஓடிவிடும்.

மரம் வெட்டுவது மனைவியின் அண்ணன். வெட்டியதை வாரி வெளியேற்றுவது இவர் பாடு. இருவருக்கும் நிலையாக வேலை கொடுத்தது ஒரே ஓர் ஆஸ்பத்திரி. அங்கே ஒரு காற்றுமழைக்கு, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிற பாதையை அடைத்துக்கொண்டு பெரிய மரம் சாய்ந்தது.

மேனேஜரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். "சாயங்காலத்துக்குள்ள இந்த வழியா ஆம்புலன்ஸ் வரணும். இல்லன்னா பெரிய மிஷின்காரரக் கூப்பிட்டுருவேன். அப்புறம் உங்க ரெண்டு பேருக்கும் இங்க வேலை இல்ல."

மச்சான் மளமளவென்று அறுத்துத் தள்ளினார். தடித்த துண்டுகளை ஃபோர்க் சமர்த்தாகத் தூக்கி ஓரம் வைத்தது. கிளையும் தழையும்தான் மானத்தை வாங்கின. ஃபோர்க்கை விட்டால், இரண்டே பல் உள்ள சீப்பால் தலைவாரிய கதை. எல்லாம் நடுவே வழுக்கி விழுந்தன. பக்கெட்டை விட்டால், தழைக்குப் பதில் பாதையின் சரளைக்கல் ஏறி வந்தது. வாடகைக் கடைக்கு ஓடி, நண்டுக் கொடுக்கு மாதிரி கவ்விப் பிடிக்கிற கிராப்பிளை எடுத்து வந்தார். மாட்டிய பிறகுதான் தெரிந்தது, அதைத் திறந்து மூட எண்ணெய்க் குழாய் வேண்டும், இவர் வண்டியில் அதற்கு இணைப்பே கிடையாது. கொடுக்கு பிளந்த வாயோடு நின்றது.

"வண்டிக்குக் கொட்டாவி வருது மாப்பிள்ளை," என்றார் மச்சான்.

"விளையாடாதீங்க மச்சான். இப்ப எத மாட்டுறது?"

"என்னக் கேட்டா? எனக்கு ரம்பம்தான் தெரியும்."

பல் போதவில்லை, அதுதானே குறை? ரெண்டுமனசுக்கு வீட்டு வாசலில் வரிசையாகக் கம்பி வைத்த இரும்புக் கேட் ஞாபகம் வந்தது. விழுந்தடித்து வீட்டுக்குப் போனார். அதன் முன்னால் நின்றதும் வழக்கம்போல மனசு இரண்டானது.

"கேட்டக் கழட்டிட்டா நாய் உள்ள வந்துருமே?"

"உங்களையே உள்ள விட்டிருக்கேன்," என்றாள் மனைவி. "நாய் வந்தா என்ன? கழட்டுங்க."

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் கிராப்பிளைக் கழற்றி ஃபோர்க்கை மாட்டி, அதன் மேல் கேட்டைப் படுக்கவைத்து, சங்கிலியால் இறுக்கிக் கட்டினார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்ததால், மிச்சமிருந்த கிளை மொத்தத்தையும் ஒரே நடைக்கு ஏற்றினார்கள். குவியலின் உச்சியில் உட்கார்ந்த காகத்துக்கு அடுத்த தெரு தெரிந்திருக்கும். வண்டி முக்கி முனகித் தூக்கியது. பாதை பளிச்சென்று காலியானது.

ஆனால் கிளைகளைக் குறுக்குவாட்டில் அடுக்கியிருந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலின் இரண்டு தூண்களுக்கு நடுவே, தொண்டையில் குறுக்கே நின்ற மீன்முள்ளாகப் பாரம் சிக்கிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து வெளியே சைரன்.

"முன்னால தள்ளுங்க!" என்று கத்தினார் காவல்காரர்.

"பின்னால வா மாப்பிள்ளை!" என்று அலறினார் மச்சான்.

மனசு முன்னால் போகச் சொன்னது. கை பின்னால் இழுத்தது. எதைக் கேட்டு எதை அழுத்தினோம் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. வண்டி பின்வாங்கிப் பக்கவாட்டில் திரும்பி, மொத்தக் குவியலையும் மேனேஜரம்மா ஆசையாக வளர்த்த புல்தரையில் கவிழ்த்தது. திறந்த வாசலில் ஆம்புலன்ஸ் சர்ரென்று உள்ளே போயிற்று.

மேனேஜரம்மா வந்தார். பாதையைப் பார்த்தார். புல்லைப் பார்த்தார். புல்லைத்தான் வெகுநேரம் பார்த்தார்.

"பெரிய மிஷின் வேண்டாம்னு சொல்லிட்டேன். காலைல ரெண்டு பேரும் வந்துருங்க. வண்டி முன்னால கட்டியிருக்கிறது எங்க வாங்குனது?"

"எங்க வீட்டு வாசல்லங்க."

அவர் உள்ளே போய்விட்டார்.

"மச்சான், இது பாராட்டா, திட்டா?"

"வேலை போகல. புல்லுமேல கிடக்கிறத அள்ளச் சொல்றாங்க, அவ்வளவுதான்."

"அது சரி," என்றார் ரெண்டுமனசு, தலையைச் சொறிந்தபடி. "புல்லு பேந்து வராம அள்ளணும்னா, எத மாட்டுறது?"