தலையணைக்கு அடியில் ஒரு சிவப்புப் பாஸ்போட்

லண்டன் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் அறைகள் துப்புரவு செய்கிறேன். வயது அறுபத்தெட்டு. நான் விரித்த கட்டிலில் ஒரு சுருக்கம் காட்டுங்கள் பார்ப்போம். சேர்ந்த புதிதில் சீனாக்காரர் மாதத்துக்கு ஒரு பஸ்ஸில் வந்தாலே புதினம். இப்போது காலையில் வாசலில் நாலு பஸ் நிற்கிறது. அவர்களுக்கென்றே அறைக்கு அறை கேத்திலும் செருப்பும் வைக்கிறோம். சுடுதண்ணீர்தான் குடிப்பார்கள், என்னைப் போல.

அன்று ஓர் அறையில் தலையணையைத் தூக்கினேன். அடியில் சிவப்புப் பாஸ்போட். திறந்தால் என் வயதுச் சீனாக்காரி ஒருத்தியின் படம். இலங்கையிலிருந்து கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் என் பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு போய்விட, வரும் வழியில் ஏழு மாதம் ஒரு நாட்டில் அடைபட்டுக் கிடந்தவள் நான். கீழே பஸ்கள் புறப்படத் தயாராய் உறுமிக்கொண்டிருந்தன.

அறையில் கிடைத்த பொருளை ஓட்டல் புத்தகத்தில் இங்கிலீஷில் எழுதிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். எழுதாமல் வெளியே கொண்டுபோனால் களவு. எனக்கோ தமிழ் மட்டும், அதுவும் ஐந்தாம் வகுப்போடு சரி. பதினொரு வருடமாக வேலையில் ஒருவருக்கும் அது தெரியாது. தெரியவிடவும் இல்லை.

ஏப்ரனுக்குள் ஒளித்துக்கொண்டு ஓடினேன். கமராவெல்லாம் என் முதுகையே பார்க்கிற மாதிரி இருந்தது. முதல் பஸ்ஸில் ஏறிப் படத்தை உயர்த்திக் காட்டினேன். தலையாட்டி மறுத்தார்கள். இரண்டாவதிலும் அவள் இல்லை. மூன்றாவது நகரத் தொடங்கிவிட்டது. கதவில் அடித்தேன். நின்றது. படத்தைக் கண்டதும் ஒருத்தி இடுப்புப் பையைத் தடவினாள், முகம் வெளிறிப்போனது. இறங்கி வந்து என் இரண்டு கையையும் பிடித்தவள் விடவே இல்லை.

திரும்பினால் வாசலில் எங்கள் சூப்பர்வைசர், பிரான்ஸிலிருந்து வந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

“அன்ரி, ஏப்ரனுக்க என்னத்தை ஒளிச்சுக்கொண்டு ஓடினீங்கள்? மனேச்சர் கமராவில பாத்திட்டு நிக்கிறார்.”

“பாஸ்போட். ஆளிட்டைக் குடுத்திட்டன்.”

“புத்தகத்தில எழுதினீங்களோ?”

“இல்லை.”

“ஐயோ அன்ரி! ஏன்?”

கள்ளி என்ற பெயரா, எழுதத் தெரியாதவள் என்ற பெயரா?

“எனக்கு இங்கிலீஷ் எழுதத் தெரியாது, பிள்ளை.”

“இதுக்கே இந்த ஓட்டம்? வாங்கோ. நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதுறன்.”

எழுதினாள். கீழே என் பெயரைத் தமிழில் போட்டேன். மனேச்சர் தன் அறையில் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு கமராப் படத்தை முதலிலிருந்து ஓடவிட்டார். திரையில் ஒரு கிழவி ஏப்ரனைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள். எனக்கே கள்ளி மாதிரித்தான் தெரிந்தது. மூன்றாவது பஸ்ஸின் கதவு திறந்தது, அவள் இறங்கி என் கைகளைப் பிடித்தாள். அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, என் பெயருக்குக் கீழே அவரும் கையெழுத்து வைத்தார்.