அண்ணியின் ஐந்து ஆண் வாத்துகள்

அந்தப் பெட்டை வாத்தின் பிடரி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. இறகெல்லாம் பிடுங்கப்பட்டு, உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்த தோல் தெரிந்தது. பசறைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், என் கணவரின் அக்கா வீட்டுக் கொல்லையில் அதைப் பார்த்தேன். அவரை நான் அண்ணி என்றே கூப்பிடுவேன். "பூச்சி ஏதும் கடிச்சிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவர் மஞ்சள் பூசினார்.

முப்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். பிள்ளைகள் இருவரும் கொழும்பில். தனிமைக்குத் துணையாக ஏழு வாத்துக் குஞ்சுகள் வாங்கியிருந்தார். குஞ்சாக இருந்தபோது ஆண், பெட்டை வித்தியாசம் தெரியவில்லை. வளர்ந்ததும் ஐந்தின் வாலில் இறகு மேல்நோக்கிச் சுருண்டது. குரலும் சளி பிடித்த மனிதரின் குரல்போலக் கம்மியது. ஐந்தும் ஆண். மிஞ்சிய இரண்டு பெட்டைகள்தாம் ஊரையே கூப்பிடுவதுபோலக் கத்தின. ஆண்களைக் குறைக்கச் சொன்னேன். "எங்கையில தீனி தின்னு வளந்ததுங்க. எப்படிம்மா அறுக்கக் குடுப்பேன்?" என்றார்.

நான் போகும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்தேன். தின்றுகொண்டிருக்கும் ஐந்தும் திடீரென நிறுத்திவிட்டு, தலையை மேலும் கீழும் ஆட்டும். பிறகு ஒரே பெட்டையை நோக்கி நகரும். சண்டையோ கூச்சலோ இருக்காது. அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது. "வெளாடுதுங்க" என்று அண்ணி சிரிப்பார்.

ஒரு நாள் காலையில் சீமெந்துத் தொட்டியில் ஒரு பெட்டை தலை கவிழ்ந்து மிதந்தது. நாய் கடித்த தடம் இல்லை. பிடரியில் மட்டும் ரத்தம். ஐந்து ஆண்களும் தொட்டி ஓரத்தில் இறகு கோதிக்கொண்டிருந்தன. அண்ணி தொட்டித் தண்ணீரை இறைத்து ஊற்றினார்.

பதுளையில் கோழித்தீன் விற்கும் முதலாளியிடம் கேட்டோம். "ஒரு ஆணுக்கு நாலஞ்சு பெட்ட வேணும். இல்லாட்டி எல்லாம் சேந்து ஒண்ணு மேலேயே ஏறும், தண்ணிக்குள்ள அமுக்கிரும். ஆண தனியா அடைங்க, அடங்கிரும்" என்றார் அவர். அப்படியே ஆனது. கம்பி வேலிக்குள் ஐந்தும் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துச் சாதுவாகத் தூங்கின. "இதுங்களா அதச் செஞ்சுச்சு?" என்று அண்ணி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். மிஞ்சிய பெட்டைக்கு இறகு முளைத்தது. ஆனால் வேலிப் பக்கமிருந்து அந்தக் கம்மிய குரல் வந்தால் தீனியை விட்டுவிட்டு அடுப்படிக்குள் ஓடிவிடும்.

அந்த மழைக்காலத்தில் நான் அங்கே தங்கியிருந்தபோது வீட்டுக்கு மேலே மலையில் மண் வெடித்தது. உடனே பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் மலையை நம்புவதில்லை. "வாங்க அண்ணி!" என்று நான் கத்த, அவர் வேலிக் கதவில் கை வைத்தபடி நின்றார். அடைத்துவிட்டுப் போனால் ஐந்தும் புதையும். திறந்துவிட்டால் பெட்டை பிழைக்காது. கடைசியில் பெட்டையைச் சாமான் பைக்குள் வைத்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில், மனுசருக்கே இடமில்லை என்று மற்றவர்கள் முணுமுணுக்க, மூன்று நாளும் அந்தப் பை அவர் மடியில் இருந்தது.

நான்காம் நாள் திரும்பினோம். மண் அடுப்படிச் சுவர்வரை வந்து நின்றிருந்தது. வேலி அதற்கடியில். ஐந்தும் மண்ணுக்குள் போய்விட்டன என்றுதான் நினைத்தோம். அப்போது கீழே ஓடைப் பக்கமிருந்து கம்மிய குரல்கள் கேட்டன. உடம்பெல்லாம் சேறாக, ஐந்தும் வரிசையாக ஏறி வந்து அண்ணியின் காலைச் சுற்றிக்கொண்டன. "எங்கண்ணுங்களா" என்று அழுதுகொண்டே குனிந்தவர் சட்டென நிமிர்ந்தார். வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்த பெட்டை வாயடைத்துப் போயிருந்தது. பை நடுங்கியது.

கீழே ஐந்து தலைகளும் மேலும் கீழும் ஆடத் தொடங்கின.

அண்ணி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "நீ போயி எங்கயாச்சும் கம்பி வல வாங்கிட்டு வாம்மா" என்றார். "அதுவரைக்கும் நான் இப்படியே நிக்கிறேன்."