கொள்ளையர் பிடித்த கப்பலிலிருந்து வந்த போன்

என் கணவர் சாமுவேல் எஞ்சின் ரூம் ஃபிட்டராக வேலை பார்த்த கப்பலை ஆப்பிரிக்கக் கரையோரம் கடல் கொள்ளையர்கள் பிடித்துவிட்டார்கள் என்று கம்பெனியிலிருந்து சொன்னபோது நான் அழவில்லை. சந்தேகப்பட்டேன். என் சுபாவம் அப்படி. தேங்காய் வாங்கினால்கூட மூன்று முறை ஆட்டிப் பார்ப்பவள் நான்.

"பேசிக்கொண்டிருக்கிறோம்" என்றே கம்பெனி சொல்லிக்கொண்டிருந்தது. காசை மிச்சம் பிடிக்க இழுத்தடிக்கிறார்கள் என்று நினைத்தேன். இதற்கிடையில் பெங்களூரிலிருந்து ஒருவன் போன் செய்து, கொள்ளையரோடு பேச ஆள் இருக்கிறது, பணம் அனுப்புங்கள் என்றான்.

"தங்கச் சுரங்கத்துல வேலை செய்யற குடும்பம், உங்களுக்கு இதெல்லாம் ஒரு தொகையா?"

சுரங்கம் மூடி எத்தனையோ வருஷமாகிறது. எங்கள் ஊரான கோலார் தங்கவயலைப் பற்றி அதுகூடத் தெரியாதவனுக்கு என் கணவரை எப்படித் தெரியும்? போனை வைத்துவிட்டேன்.

நாங்கள் குடியிருக்கும் ஸ்கெலட்டன் லைன் தெருவின் சபைச் சகோதரிகள் வந்து ஜெபித்தார்கள். ஆறுதல் சொல்ல வந்தார்களா, விஷயம் கறக்க வந்தார்களா என்று அவர்களையும் நோட்டம் விட்டேன். பக்கத்து வீட்டு கிரேஸி கேட்டேவிட்டாள்.

"இன்னாக்கா, ஆண்டவரையாவது நம்புறியா?"

அன்று முழங்காலில் நின்று, "அவர் உயிரோடு இருக்கிறார் என்று நான் நம்புகிற மாதிரி ஒன்று காட்டும்" என்று கேட்டேன்.

ஒரு மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"ஸ்டெல்லா, நான் சாமு. கம்பெனில போய் அழு. பணம் குடுக்கச் சொல்லு. இல்லாங்காட்டி சுட்டுடுவானுங்க."

குரல் அவருடையதுதான். ஆனால் இப்போது குரலையே போலியாகச் செய்கிறார்களே!

"வூட்டுக்கு வந்தா கதவ எப்படித் தட்டுவீங்க? தட்டிக் காட்டுங்க" என்றேன்.

என் மாமனார் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டான கேஜுக்கு மணி அடித்தவர். ஆட்களை மேலே தூக்கச் சொல்லும் மணி எப்படியோ, அதே தாளத்தில்தான் வீட்டுக் கதவையும் தட்டுவார். அவர் மகனான என் கணவருக்கும் அதே பழக்கம். போனில் இரும்பின்மேல் அந்தத் தாளம் கேட்டது. உடனே யாரோ கத்தினார்கள். அடி விழும் சத்தம். போன் துண்டிக்கப்பட்டது. ரகசியச் செய்தி அனுப்புகிறார் என்று கொள்ளையர்களும் சந்தேகப்பட்டுவிட்டார்கள்!

அவர் உயிரோடிருக்கிறார் என்று தெரிந்த அதே நிமிஷத்தில், என்னாலேயே செத்துவிடுவாரோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. தரையில் விழுந்து கதறினேன். "ஆண்டவரே, இனி அடையாளம் ஒன்றும் கேட்கமாட்டேன். அவரைக் காப்பாற்றும்." நிபந்தனை போடாமல் நான் ஜெபித்தது அதுதான் முதல் தடவை.

சில வாரங்களில் கம்பெனி பணம் கொடுத்தது. கொள்ளையர்கள் எல்லோரையும் விட்டுவிட்டார்கள். உதட்டில் தழும்போடு பக்கத்து ஊரான பங்காரப்பேட்டையில் ரயிலைவிட்டு இறங்கியவர் சிரித்தார்.

"நான் செத்தாலும் நீ செக் பண்ணிட்டுதான்டி அழுவே."

ஸ்தோத்திரம் சொல்லி மாளவில்லை. ஆனாலும் அந்தப் பணத்தை நினைத்தால் எனக்கு நெஞ்சு உறுத்துகிறது. அதில் இன்னொரு படகும் துப்பாக்கியும் வாங்கியிருப்பார்கள். கொடுக்காதே என்று சொல்லவும் எனக்கு வாயில்லை. நாடுகள் சேர்ந்து கடலில் காவல் போடட்டும். படகில் வரும் பையன்களோடு நிறுத்தாமல், கரையில் உட்கார்ந்து பங்கு வாங்குகிறவர்களையும் பிடிக்கட்டும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் இதற்காகவும், இன்னும் பிடிபட்டிருக்கும் கப்பல்காரர்களுக்காகவும் கிரேஸியோடு சேர்ந்து ஜெபிக்கிறேன்.

விசுவாசம் போதவில்லை என்று ஒதுங்கி நிற்கும் சகோதரியே, சந்தேகத்தோடேயே வா. நான் ஆண்டவரைச் சோதித்துப் பார்த்துத்தான் வந்தேன். அவர் என்னை ஒன்றும் சோதிக்காமல் என் அழுகையைக் கேட்டார்.